ஒரு சாண் இடைவெளி

இவ்வாரம் நான் எழுதப் புகுந்த பொருள் ஓர் இரும்புத் தண்டு. இலக்கியப் பக்கத்திலே இரும்புத் தண்டுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டும். ஒலிவாங்கியைத் தாங்கி நிற்கின்ற தண்டு அது. ஊர்வழக்கில் 'மைக் ஸ்டாண்ட்' என்பார்கள். அஃது இல்லாமற் போனமையால் எங்கள் வீட்டுக் கலியாணத்திலே என் தமையனார் பாதிப் பாட்டோடு தலைகுனிந்து கதிரைக்குத் திரும்பினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சென்ற ஆவணியில் என் பேரன் ஒருவனுக்குக் கலியாணம் நடந்தது. கனடாவிலே பிறந்து வளர்ந்தவன். ஆயினும் தாலி கட்டுவது ஊர்க் கோயிலில்தான் என்று வந்துவிட்டான். கலியாணத்துக்கு மறுநாள் மாலை, பந்தல் பிரிக்கப்படுமுன், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து முற்றத்திலே ஒரு கரோக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டி என்றேனாயினும் அது என் இடுப்பளவு உயரமுள்ள ஓர் ஒலிபெருக்கி. அதனோடு கம்பியில்லாத கை ஒலிவாங்கிகள் இரண்டு. விறாந்தைச் சுவரோடு சாத்திய தொலைக்காட்சியிலே பாட்டின் வரிகள் ஓடும். பாட வேண்டிய சொல் வரும்போது அது நிறம் மாறும். பக்கவாத்தியம் முழுவதும் பெட்டிக்குள்ளிருந்தே எழும். குரல் ஒன்றுதான் நம்முடையது.

பிள்ளைகள் பாடினார்கள், ஆடிக்கொண்டே பாடினார்கள். மாப்பிள்ளையின் தங்கை, என் பேத்தி, ஒலிவாங்கியைத் தன் உடலில் முளைத்த ஓர் உறுப்பைப் போலக் கையாண்டாள். உச்சத்தில் எடுக்கும்போது அதை அகற்றுவாள். தாழ்ந்த இடத்தில் உதட்டருகே கொண்டுவருவாள். இவளுக்கு இதை யார் கற்பித்தார் என்று நான் வியந்துகொண்டிருக்கையில், "பெரிய தாத்தா ஒண்டு பாடவேணும்" என்று எல்லாரும் கூச்சலிட்டார்கள். ('அப்பப்பா' என்னும் எங்கள் ஊர்ச் சொல் கடல் கடந்து 'தாத்தா' ஆகிவிட்டது. போகட்டும்.)

அண்ணருக்கு வயது எண்பதை எட்டுகிறது. ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கோயில் வீதியிலே அவர் குரல் கேட்டுத் தோட்டத்தில் இறைத்துக்கொண்டு நின்றவர்கள் துலாவை நிறுத்தினார்கள் என்று சொல்லுவதுண்டு. சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பழைய பக்திப் பாட்டொன்றைத் தெரிந்தெடுத்தார்கள். அண்ணர் எழுந்தார். ஒலிவாங்கியைக் கையிலே கொடுத்தார்கள்.

அவருக்குச் சில ஆண்டுகளாகக் கைநடுக்கம் உண்டு. முதுமையில் வருவது, உயிருக்கு ஊறு செய்யாதது, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போதும் கையெழுத்து வைக்கும்போதும் மாத்திரம் தலைகாட்டுவது. எதையேனும் தூக்கிப் பிடித்தால் கை கூடுதலாக ஆடும். ஒலிவாங்கி அவருடைய வாயருகே ஊஞ்சல்போல் ஆடிற்று. ஒரு சொல் முற்றத்தை நிறைத்தது; அடுத்த சொல் காணாமற் போயிற்று; மூன்றாவது சொல் இடிபோல் வந்து விழுந்தது. இரண்டு கைகளாலும் இறுகப் பற்றினார். கைகள் ஒலிவாங்கியின் உருண்டைத் தலையைப் பொத்தவே, பெட்டி ஊளையிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலும் பாதகமில்லை என்று தோன்றும்படி ஓர் அமைதி. அண்ணர் பாட்டின் நடுவிலே ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"பாவம், குரல் போட்டுது" என்று பின்னாலே ஒரு பெண்மணி மெல்லச் சொன்னார். மெல்லத்தான் சொன்னார். அண்ணருக்குச் செவி நன்றாகக் கேட்கும்.

அந்தத் தீர்ப்பு பிழையானது என்பது எனக்குத் தெரியும். காலையில் கிணற்றடியிலே அவர் தேவாரம் பாடுவதை நாள்தோறும் கேட்கிறவன் நான். போனது குரலன்று. அப்படியானால் போனது எது?

இதற்கு விடை தேடினால் நான் அறுபது ஆண்டுகளுக்கு மேலே பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

1960களின் தொடக்கம். திருவிழாக் காலத்திலே எங்கள் ஊருக்கு வரும் பெருஞ் செல்வம் ஒலிபெருக்கி. ஒருவர் அதைச் சைக்கிளிலும் தட்டுவண்டியிலும் ஏற்றிக்கொண்டு வருவார். குழல்வாய்களைப் பனையின் உச்சியிலே கட்டுவார். மின்பிறப்பாக்கி மடத்துக்குப் பின்னாலே நின்று இரையும். நாங்கள் சிறுவர்கள் அவரைச் சுற்றியே நிற்போம். கோயில் மணியகாரரைக் காட்டிலும் அன்றைக்கு அவருக்கு மதிப்பு அதிகம். அவருடைய ஒலிவாங்கி ஒன்றுதான். விலா எலும்புகள்போல் வரிவரியாகத் துளைகள் கொண்ட கனத்த இரும்புத் தலை. அதன் கீழே வட்டப் பாதமுள்ள தண்டு. அதை எவரும் தொடக்கூடாது. சொற்பொழிவாளர் வந்தாலும், சங்கீத வித்துவான் வந்தாலும், உபயகாரர் வந்தாலும், தண்டின் உயரத்தை அவர்தான் கூட்டுவார், குறைப்பார். பேசுபவர் கையைக் கொண்டுபோனால் ஓடிவந்து விலக்குவார்.

அந்த நாட்களில் வி. வி. வைரமுத்து அவர்களின் 'மயான காண்டம்' குடாநாடெங்கும் ஊர்தோறும் ஆடப்பட்டது. 1924இல் காங்கேசன்துறையிலே பிறந்து 1989இல் மறைந்த அந்த 'நடிகமணி', தமது வசந்த கான சபாவோடு அரிச்சந்திரனாக ஏறிய மேடைகள் ஆயிரக்கணக்கானவை. விடிய விடிய நடக்கும் இசை நாடகம். சுடுகாட்டைக் காக்கும் அரசனின் குரல் பனங்கூடலைத் தாண்டிப் போகும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் இளைஞரும் ஒரு 'மயான காண்டம்' பழகினார்கள். பதினாறு வயதான அண்ணருக்குச் சந்திரமதி வேடம். அந்நாளில் பெண் வேடத்தை ஆண்களே தாங்குவது வழக்கம்.

பாம்பு தீண்டி இறந்த மகனை மடியிலே போட்டுக்கொண்டு சந்திரமதி புலம்பும் இடம் யாவரும் அறிந்ததே. ஒத்திகையிலே ஒலிபெருக்கிக்காரருக்கு ஒரு சிக்கல் வந்தது. மேடையின் முன்புறத்திலே ஒலிவாங்கியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். நின்று பாடும் அரிச்சந்திரனுக்கு அது பொருந்தியது. சந்திரமதியோ நிலத்தில் இருப்பவள். தலைக்கு மேலே நாலு முழத்தில் தொங்கும் ஒலிவாங்கி அவளுடைய அழுகையை எப்படி ஏற்கும்? பழகிய பையன் ஒருவன், "அண்ணை, கையில குடுத்தால் என்ன?" என்று கேட்டான். ஒலிபெருக்கிக்காரர் சினந்து, "பிள்ளையைத் தூக்கிற கையில மைக்கைக் குடுத்தால் பிள்ளையை எங்கையடா வைக்கிறது?" என்றார்.

அந்த ஒரு கேள்வி எனக்கு இன்றும் மறக்கவில்லை. அவர் வேறொரு கட்டைத் தண்டைக் கொண்டுவந்து, ஓலைப் புதரொன்றின் பின்னே மறைத்து, சந்திரமதியின் முகத்துக்கு நேரே நிறுத்தினார். பிறகு தமது வலது கையை விரித்துப் பெருவிரல் நுனியை ஒலிவாங்கியிலும் சிறுவிரல் நுனியை அண்ணரின் மோவாயிலும் வைத்து அளந்தார். "ஒரு சாண். இதுக்குக் கிட்ட வராதையும், இதுக்கு அங்காலை போகாதையும். அழுகிறதெல்லாம் இதுக்குள்ள அழும், தம்பி" என்றார்.

அண்ணர் அன்றிரவு அந்த ஒரு சாணுக்குள்ளேயே அழுதார். இரண்டு கைகளும் அவருக்குச் சொந்தமாக இருந்தன. ஒரு கை மகனின் தலையைத் தாங்கிற்று. மற்றக் கை மார்பில் அறைந்தது, வானத்தை நோக்கிற்று, மயிரைக் கோதிற்று. விருத்தத்தில் இறுதிச் சொல்லை அவர் நீட்டினால் ஆர்மோனியக்காரர் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே காற்றை இழுத்துக் காத்திருப்பார். அவர் இறங்கும்போது கூட இறங்குவார். அம்மா முன்வரிசையில் இருந்து அழுதார். நாடகம் என்று தெரிந்தும் அழுதார்.

ஒலிவாங்கி வருவதற்கு முந்திய தலைமுறையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கொட்டகையின் கடைசி வரிசைக்குத் தன் தொண்டையினாலேயே எட்டுகிறவன்தான் நடிகன். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அங்ஙனம் வளர்ந்த குரல்கள். 1920களில் அவ்விருவரும் இணைந்தது நமது கொழும்பு நாடக மேடையிலே என்பதை இவ்விடத்தில் ஈழத்தவன் என்ற உரிமையோடு நினைவுகூர்கிறேன். ஒலிவாங்கி வந்த பின்னரோ மெல்லப் பாடுகிறவனுக்கும் அரங்கம் கிடைத்தது. மேல்நாட்டிலே பிங் குரோஸ்பி போன்றவர்கள் காதோடு பேசுவதுபோலப் பாடிப் பெயர் பெற்றார்கள். பிராங்க் சினாத்திரா ஒலிவாங்கியையே ஒரு வாத்தியமாகக் கருதிப் பழகினார். தமிழ்ச் சினிமாவிலும் ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் முதலியோரின் மென்குரல்கள் ஒலிவாங்கி இல்லையேல் நமக்குக் கிட்டியிரா. எங்கள் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மாத்திரம் அதன் தயவு வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலுக்கு முன்னே ஒலிவாங்கி வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அது வழிபாட்டுக்குரிய ஒரு மரியாதை என்றே அன்று எண்ணிக்கொண்டேன்.

இனி, அந்த ஒரு சாணுக்கு வருவோம். ஒலிபெருக்கிக்காரர் படித்தவரல்லர். ஆனால் அவர் விரலால் அளந்ததைப் பௌதிக நூல் எண்ணால் அளக்கிறது. ஒலி பிறக்கும் இடத்துக்கும் அதை வாங்கும் இடத்துக்கும் உள்ள தூரம் இரட்டித்தால், வந்து சேரும் ஆற்றல் ஏறக்குறைய நாலிலொன்றாகிவிடும். சாண் என்பது ஒன்பது அங்குலம். அவ்வளவு தூரத்திலே நிற்பவன் உணர்ச்சி மேலிட்டு இரண்டு அங்குலம் பின்னே சாய்ந்தால், ஆற்றலில் மூன்றிலொரு பங்கு குறையும். கேட்பவர் செவிக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டே அங்குலத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துப் பாடுகிறவனின் கை அதே இரண்டு அங்குலம் விலகினால், நாலில் மூன்று பங்கு போய்விடும். நெருங்க நெருங்கச் சிறு அசைவும் பெரும் பிழையாகிறது.

அப்படியானால் கையில் பிடிப்பவர்களும் ஒரு சாண் தள்ளியே பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். பனை உச்சியிலே ஒலிபெருக்கி கட்டிய காலத்தில் பிடிக்கலாம். முற்றத்தில் நாலு முழத் தூரத்திலே பெட்டி நிற்கும்போது அது ஆகாது. தள்ளிப் பிடித்தால் பெட்டியின் வலுவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் பெட்டியின் ஒலியே மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையாகும். ஆகவே கரோக்கியில் நெருங்கியே பாடவேண்டும். இன்றைய ஒலிவாங்கிகள் முன்னால் வரும் ஒலியை மிகுதியாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் ஏற்பவை. ஏற்கும் பரப்பைக் கோடாக வரைந்தால் இதயம்போல் இருக்கும். இவ்வகை ஒலிவாங்கியில் நெருங்கினால் குரலின் கீழ்ப்பகுதி தடிக்கும். சின்னக் குரலுக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடும். பின்பக்க ஒலியைத் தவிர்க்கும் வித்தை அதன் தலைக்குப் பின்னேயுள்ள துளைகளில் இருக்கிறது. தலையைக் கையால் பொத்தினால் துளைகள் அடைபடும், வித்தை கெடும், ஊளை எழும். அண்ணர் இரண்டு கைகளாலும் இறுக்கியபோது நடந்தது இதுவே.

ஊர் ஒலிபெருக்கிக்காரரின் வரிவரியான இரும்புத் தலை, அமெரிக்க ஷூர் நிறுவனம் 1939இல் வெளியிட்ட 55 என்னும் ஒலிவாங்கியின் சாயலில் அமைந்தது. தண்டின்மேல் நிற்பதற்கென்றே பிறந்தது அது. அதே நிறுவனம் 1966இல் எஸ்எம்58 என்ற ஒன்றை வெளியிட்டது. உருண்டைக் கம்பிவலைத் தலை. கைப்பிடிக்கு இசைந்த உடல். கீழே விழுந்தாலும் உழைக்கும் உறுதி. இன்று சந்தையில் கிடைக்கும் கை ஒலிவாங்கிகளுட் பெரும்பாலானவை உருவத்திலே அதன் பிள்ளைகள். ஒலிவாங்கி தண்டைவிட்டு இறங்கிக் கைக்கு வந்த கதை இவ்வளவுதான்.

நம் நாட்டிலும் அதற்கேற்ற பாட்டுப் பிறந்தது. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாடல்கள் இலங்கையை ஆட்டிவைத்தன. ஆடிப் பாடுகிறவனுக்குத் தண்டு ஒரு கட்டுத்தறி. எங்கள் ஊர் மெல்லிசைக் குழுப் பையன்கள் ஒலிவாங்கியைத் தண்டிலிருந்து கழற்றி, அதன் கம்பியைப் பாம்புபோல் சுழற்றிக்கொண்டு பாடிய நாளில், ஒலிபெருக்கிக்காரர் மேடைக்குப் பின்னாலே நின்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணர் அதிலும் சேர்ந்து இரண்டொரு முறை பாடினார். நன்றாகவே பாடினார். ஆனால் இறங்கி வந்தபின், "ஒரு கையைக் கட்டிப்போட்டமாதிரி இருக்கடா, தம்பி" என்றார்.

எனக்கு அது விளங்கியது. எங்கள் இசையில் கைக்கு ஒரு தொழில் உண்டு. மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரியில் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த காலத்தில், கச்சேரிகளுக்குப் பின்வரிசையில் போய் இருந்து கேட்டவன் நான். வித்துவான் பாடுவதை வாய் சொல்லும். அவர் மனத்தில் ஓடும் கணக்கைத் தொடையில் விழும் கை சொல்லும். கர்நாடக சங்கீத மேடையில் இன்றளவும் பாடகரின் கைக்கு ஒலிவாங்கி ஏறாதிருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

பிறகு எல்லா ஒலிபெருக்கிகளும் அடங்கிய ஒரு காலம் வந்தது. 1990ஆம் ஆண்டின் நடுவிலே குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கின் திரியிலே பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்திலே வானொலி கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் களைத்து ஒலி தேயும். அந்த நாட்களில் நடந்த கலியாண வீடொன்றில் அண்ணர் ஒலிவாங்கியுமின்றி, தண்டுமின்றி, இருட்டிலே பாடினார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கலாம். ஒழுங்கையின் மறுகோடியிலிருந்தவர்கள் படலையைத் திறந்து வந்து நின்றார்கள். அதைப்பற்றி மேலும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்று நின்றவர்களிற் பலர் இன்று ஊரில் இல்லை.

கரோக்கி என்பது யப்பானியச் சொல். 'வெறுமையான வாத்தியக்குழு' என்று பொருள்படும். 1971இல் கோபே நகரத்திலே இனொவே டைசுகே என்பவர் கரோக்கிப் பெட்டிகளைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அதற்கு முன் நடந்த சம்பவம் ஒன்று சுவையானது. அவர் வாடிக்கையாளர்கள் பாடப் பக்கவாத்தியம் வாசிக்கும் கலைஞர். ஒரு வியாபாரி தம்மோடு பயணம் வந்து வாசிக்கும்படி அழைத்தார். இவரால் போக முடியவில்லை. ஆகவே அந்த வியாபாரி எங்கே இழுப்பார், எங்கே தடுமாறுவார் என்பதை மனத்திற்கொண்டு, அவருடைய பாட்டுக்கு இசைவாக வாசித்து நாடாவிலே பதிந்து கொடுத்தனுப்பினார். முதன்முதலில் வெறுமையான வாத்தியக்குழு பாடுபவனுக்குப் பணிந்து பிறந்தது! இன்றைய பெட்டியோ எவருக்கும் பணிவதில்லை. ஆர்மோனியக்காரர் முகம் பார்த்தார். பெட்டி முகம் பாராது. நீங்கள் மூச்செடுக்கத் தாமதித்தால் வரி நிறம் மாறிப் போய்விடும். காலம் அதன் கையில். மெட்டு அதன் கையில். பாடுகிறவனுக்கு மிஞ்சியிருப்பது ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையிலுள்ள அந்தச் சிறு தூரம் மாத்திரமே. எங்கே நெருங்குவது, எங்கே விலகுவது என்பதுதான் அவனுடைய முழு உரிமை. நடுங்கும் கையிலே ஒலிவாங்கியைக் கொடுப்பது அந்த உரிமையையும் பறிப்பதாகும். போனது எது என்று கேட்டேனே, அதற்கு விடை இதுதான்.

அடுத்த நாள் விடிந்ததும் நான் ஒலிபெருக்கிக்காரரின் மகனைத் தேடிப் போனேன். தகப்பனார் காலமாகிப் பல ஆண்டுகள். மகன் இப்பொழுது பெரிய பெட்டிகளும் வண்ண விளக்குகளும் வைத்திருக்கிறார். நான் கேட்டதும் சிரித்தார். "ஐயா, புதுசு மூண்டு கால் ஸ்டாண்ட் தாறன், அந்தப் பழசு ஏன்?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கொட்டிலுக்குள்ளே போய்ச் சாக்குக்குக் கீழேயிருந்து வட்டப் பாதமுள்ள பழைய தண்டையே இழுத்துவந்தார். துருப்பிடித்திருந்தது, ஆயினும் உயரம் கூட்டும் கழுத்து அசைந்தது. கை ஒலிவாங்கியைச் செருகுவதற்குப் புதிய கவ்வி ஒன்றை அதன் உச்சியில் வைத்துத் திருகினார். மரை பொருந்திற்று. அறுபது ஆண்டுகளில் உலகத்திலே எவ்வளவோ மாறியும் இந்த மரை மாறவில்லையே என்று எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

வீட்டிலே பேத்தி அதைக் கண்டதும், "தாத்தா, இதுக்கு முன்னாலை நிண்டால் மரம்மாதிரி எல்லோ இருக்கும்" என்றாள். நான் விடவில்லை, அவளையே பாடச் சொன்னேன். பாடினாள். தண்டின் முன்னே அவள் பாட்டுச் சோபிக்கவில்லை. வரிகளைப் பார்க்கத் தொலைக்காட்சிப் பக்கம் தலையைத் திருப்பும்போதெல்லாம் குரல் நழுவியது. சிரிக்கத் திரும்பினாள், நழுவியது. அண்ணனைப் பார்த்துக் கண்சிமிட்டினாள், அப்போதும் நழுவியது. கையிலிருக்கும் ஒலிவாங்கி தலையோடு கூடவே திரும்பும். தண்டு திரும்பாது. "பாத்தீங்களா?" என்றாள் அவள். தோல்வியை நான் ஒப்புக்கொண்டேன். அசைபவளுக்குக் கையே தண்டு.

ஆனால் அந்தத் தோல்வியிலேயே எனக்கு வேண்டிய உபாயம் கிடைத்தது. தண்டின் குறை அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. தண்டை ஒருபுறமும் திரையை மறுபுறமும் வைத்துவிட்டுப் பாடகனை நடுவிலே திண்டாட விடுகிறோம். பாடுபவன் முகமும் ஒலிவாங்கியும் திரையும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் தலை திரும்ப வேண்டிய தேவையே இல்லை. ஒலிவாங்கி மோவாய் மட்டத்தில் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் திரையை மறைக்காது; 'ப'கரத்தின் காற்றும் நேரே அதில் மோதாது. ஒலிபெருக்கிப் பெட்டி ஒலிவாங்கியின் முதுகுப்புறத்திலே, பாடுபவனுக்கு எதிரே ஓர் ஓரமாக நின்றால் ஊளையும் அடங்கும். இவ்வளவையும் நான் சொல்ல, பேத்தி செய்தாள். அவளுக்கு இதிலே மெல்ல மெல்ல ஆர்வம் ஏறிற்று. தொலைக்காட்சியைக் கழற்றிவந்து தண்டுக்கு நேரே கதிரையில் நிறுத்தினாள். தன் கைத்தொலைபேசியில் ஏதோ செய்து, "சீர்காழியின்ரை சுருதி பெரிய தாத்தாவுக்கு மேலை. ரெண்டு படி இறக்கியிருக்கிறன்" என்றாள். அது எனக்குத் தோன்றாத யோசனை.

அண்ணரைச் சம்மதிக்கவைப்பதே கடினமாயிருந்தது. "ஏன்ரா என்னை மற்றமுறையும் எழுப்பிறாய்?" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் அவரைத் தண்டுக்கு முன்னே கூட்டிப்போய் நிறுத்தினேன். அவர் அதை மேலுங்கீழும் பார்த்தார். வட்டப் பாதத்தைக் கால்விரலால் தொட்டார். யாருடையது என்று கேட்கவில்லை. தெரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

அன்று மாலை வீட்டாரும் அயலாரும் சிலபேர்தான் இருந்தார்கள். பேத்தி அவருக்கு மிக அருகே, நாலு விரற்கிடையில் ஒலிவாங்கியை நிறுத்தினாள். பழைய சாணைக் காட்டிலும் அது நெருக்கம். பெட்டி முற்றத்தில் நிற்கும்போது வேறு வழியில்லை என்று அவளே தாத்தாவுக்குப் பாடம் சொன்னாள். பெட்டி வாத்தியத்தைத் தொடங்கிற்று. அண்ணரின் வலது கை முதலிற் காற்றிலே நடுங்கிற்று. பிறகு தொடையிலே போய் விழுந்து தாளத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகு நடுக்கம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. குரல் எழுந்தது. எண்பது வயதுக் குரல். உச்சியிலே சற்றுக் கரகரப்பு. மூச்சும் முன்போல் நீளாது. ஆனால் எந்தச் சொல்லும் காணாமற் போகவில்லை. உச்சத்துக்குப் போகுமுன் தலையைத் தாமாகவே பின்னே எடுத்தார். இறங்கும்போது முன்னே வந்தார். தண்டு நின்ற இடத்திலே நின்றது. தூரத்தை அளப்பவர் அவரே ஆனார்.

இரண்டாஞ் சரணத்தில் பழக்கத்தினால் ஒரு சொல்லை நீட்டிவிட்டார். பெட்டி காத்திராமல் தாண்டிப் போய்விட்டது. நான் பதைத்தேன். அவர் பதைக்கவில்லை, ஓர் அடியைச் சும்மா விட்டு, தொடையில் தட்டிக்கொண்டே நின்று, அடுத்த அடியில் ஏறிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். "குரல் போட்டுது" என்று முதல்நாள் சொன்ன பெண்மணியும் வந்திருந்தார். அவர் கைதட்டியதை நான் குறித்துக்கொண்டேன். அண்ணர் கதிரைக்குத் திரும்பவில்லை. "உந்தப் பெட்டியின்ரை வாத்தியத்தை நிப்பாட்டு, பிள்ளை. மைக் மட்டும் இருக்கட்டும்" என்றார். பேத்தி நிறுத்தினாள். முற்றத்திலே வேம்பு அசையும் ஓசை கேட்டது. அவர் சந்திரமதியின் விருத்தத்தைத் தொடங்கினார். விருத்தத்துக்குத் தாளமில்லை, ஆகவே தொடையிலிருந்த கை எழுந்தது. இரண்டு கைகளும் முன்னே வந்து, இல்லாத ஒரு பிள்ளையின் தலையையும் காலையும் தாங்கின. இரண்டுமே நடுங்கின. சந்திரமதியின் கைகள் வேறெப்படி இருக்கும்?

முடிந்தபோது என் பேரனின் ஐந்து வயது மருமகன் ஓடிவந்து, தானும் பாடவேண்டுமென்று தண்டின்மேல் தொங்கினான். பேத்தி கழுத்தைத் திருகி அவன் உயரத்துக்கு இறக்கினாள். அவன் ஒலிவாங்கியை அப்படியே வாய்க்குள் வைக்கப் போனான். அண்ணர் குனிந்து, நடுங்கும் விரல்களை விரித்து, பெருவிரலை ஒலிவாங்கியிலும் சிறுவிரலை அவனுடைய மோவாயிலும் வைத்தார்.

"இவ்வளவு" என்றார்.